தரம் பத்துக்கு ஐந்து பேர்

ஐந்து பாடவேளை. ஐந்து பேர்தான் கொள்ளும்.
வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேணும் என்றார்
பகுதித் தலைவர் அருட்பிரகாசம்.
"பேய் பிசாசு வேண்டாம், டீச்சர்.
சோதனைக்கு வாறதாப் பாருங்கோ."
உவர்மலையில் எங்கள் ஆசிரியர் அறை யன்னலில்
பாதி கடல், பாதி தண்ணீர்த் தாங்கி.

முதலில் இராவணன். எழுதினேன், வெட்டினேன்.
மலையை வெட்டியவனை நீலப் பேனாவால் வெட்டுவது
எனக்கே சிரிப்பாக இருந்தது.
ஆனால் அவனை யாருக்கு அறிமுகம் செய்வது?
கோணமலை ஏற்றத்தில் சர்பத் விற்கிற பிள்ளையே
பிளவின் ஆழத்தை இரண்டு மொழியில் சொல்லும்.
ஓட்டோக்களின் பின்கண்ணாடியில் பத்து மீசையோடு
தினமும் சந்தைக்குப் போய் வருகிறான்.

பிறகு கன்னியா நினைவுக்கு வந்தது.
தாய் போய்விட்டாள் என்று வழியில் ஒருவன் சொன்னதை நம்பி
ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தி
ஏழு சூட்டில் தண்ணீர் எடுத்தவன்.
வாளியால் அள்ளி ஊற்றிக் கூச்சலிடும் பிள்ளைகளுக்கு
இருபது கண்ணும் அங்கே அழுததை யாரும் சொன்னதில்லை.
வெட்டியதன் மேலேயே திரும்ப எழுதினேன்.

அன்னம் வேண்டாம்.
பால்மா கரைத்துக் குடிக்கிற வீடுகளில்
எதை எதிலிருந்து பிரிக்க?

இருதலைப்புள்:
ஒரு வயிறு, இரண்டு வாய், ஓயாத கொத்தல்.
இந்த ஊரில் இதைத் தொடங்கினால்
மூன்றாம் நிமிடத்தில் ஒற்றுமைப் பிரசங்கம் ஆகிவிடும்,
கடைசி வாங்கில் நிலோஜன் தூங்கிவிடுவான்.
இரண்டு கழுத்துக்கும் ஒரே கோடு.

மகரத்தை விட்டேன், இருக்கட்டும்.
யானைத் துதிக்கை, முதலை வாய், மீன் வால்.
வலைக்காரர் வீட்டுப் பொடியன்கள்
கிலோ என்ன விலை என்பார்கள். கேட்கட்டும்.

யாளி, சப்ரீனாவுக்காக.
கிண்ணியா பஸ்ஸில் வருகிறவள்,
தூண் சிற்பத்தின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"வாய்க்குள்ள உருளுற கல்லை
அது ஏன் விழுங்கவும் இல்ல, துப்பவும் இல்ல?"
இரண்டு கிழமையாக எனக்கும் தெரியவில்லை.

ஒரு பெண் வேண்டும்.
அருட்பிரகாசம் பத்தினி ஒருத்தியைச் சொல்வார் என்று
அவர் தேநீருக்குப் போன நேரம் பார்த்து
மூதேவி என்று எழுதினேன்.
தாய்மார் நாளுக்கு நாலு தரம் கூப்பிடுகிற பெயர்.
காக்கைக் கொடி, கழுதை, கையில் துடைப்பம்,
சரிந்த வயிற்றோடு சாவகாசமாக உட்கார்ந்திருப்பவள்.
அந்த வசவுக்கு ஒரு முகம் இருந்தது,
ஒருகாலத்தில் பூவும் கிடைத்தது என்று சொல்ல
நாற்பது நிமிடம் காணாது.

கடைசி இடம் அசுணத்துக்கு.
யாழ் கேட்டால் மயங்கி வரும்,
பறை கேட்டால் உயிர் விடும்.
விலங்கு என்பார் சிலர், பறவை என்பார் சிலர்,
கண்டவர் இல்லை.
"அப்ப நீங்களே கீறிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

முப்பத்துநாலு தாள் வந்தது.
பஸ் நிலையத்துப் புள்ளிமான்கள் ஒன்பது,
அதிலொன்று பொலித்தீன் பையைச் சப்பியபடி.
காதில் ஹெட்போன் மாட்டிய கொக்கு.
நிலோஜன் வெறும் காது மட்டும் கீறியிருந்தான், பெரிதாக.
தக்ஷலாவின் தாளில் ஒரு மேசை.
நிலம் தொடும் விரிப்பு.

"மிருகம் எங்க?"
"கீழ இருக்கு, டீச்சர்.
கோயில் வெடி முடிஞ்சாத்தான் வெளியில வரும்."
"ஓ, உங்கட நாயா?"
"எங்களிட்ட நாய் இல்லை."

மணி அடித்தது. எல்லோரும் போனார்கள்.
நான் அந்தத் தாளோடு இருந்தேன்.
விரிப்பின் பூ ஒவ்வொன்றுக்கும் நிறம் தீட்டியிருந்தாள்.
மேசைக் காலடியில்
ஒரு கோப்பைச் சோறு,
இன்னொரு கோப்பையால் மூடி.